இவருக்குப் பதில் இவர்

தப்பா நினைச்சுக்காதீங்க அம்மிணி, உங்க செல்லை எட்டிப் பார்க்கோணும்னு பார்க்கலை. சத்தம் காதுல விழுந்துச்சு. நீலச்சுனை சீரியல்தானுங்களே அது? நேத்து ஓடுனதா? நானும் பார்த்தேன். நேத்தும் அந்தச் செங்கமலி அழுதுட்டுத்தான் இருந்தா. சித்தெ நிறுத்துங்க, உங்ககிட்ட ஒண்ணு கேட்கோணும். அவ என்னத்துக்கு அழுவறா?

இல்லீங்க, கதை எனக்குத் தெரியும். முன்னூத்திப் பதினொரு எபிசோட்டையும் ஒண்ணு விடாம பார்த்திருக்கேன். என்ற மருமகன் வந்த அன்னைக்குக் கூட, இலையைப் போட்டுட்டு டிவி முன்னால போய் உட்கார்ந்துட்டேன், இன்னும் அதைச் சொல்லிக் காட்டறாரு. கதை தெரிஞ்சதுனாலதான் கேட்கறேன். அவ அழுவறதுக்கு என்ன நியாயம் இருக்குது?

போன மாசந்தான் பார்க்க ஆரம்பிச்சீங்களா? அப்பச் சரி. நான் இறங்கற பிரிவு ரோடு வர இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். சொல்றேன் கேளுங்க.

மலை மேல ஒரு சுனை. அதுக்குப் பக்கத்துல ஒரு அறை, அறைக்குள்ள ஒரு விளக்கு. அந்த விளக்கு எரியற வரைக்கும் சுனைத் தண்ணி அமுதம். அணைஞ்சுதுன்னா குடிக்கிறவங்க கல்லாப் போயிருவாங்க. அதைக் காவல் காக்கறவ செங்கமலி. அவளுக்கு ஒரு தோழி, தும்பின்னு பேரு. அம்பத்தெட்டாவது எபிசோட்ல விளக்கு அணைஞ்சு போச்சு. செங்கமலியோட தம்பி, பாலு மணம் மாறாத பையன், அந்தத் தண்ணியைக் குடிச்சுக் கல்லாயிட்டான். அன்னைக்குப் பிடிச்சவதான், ‘நான் பாவி, நான் பாவி’ன்னு தீ மிதிக்கறா, முடியை எடுக்கறா, முள்ளு மேல படுக்கறா. எரநூத்தம்பது எபிசோட்டா இதே அழுவாச்சி.

இப்ப நான் கேட்கறேன். விளக்கு அணையறப்ப செங்கமலி எங்க இருந்தா? மலைக்கு அக்கட்டால, கல்யாணப் பந்தல்ல. நான் சொல்லலை, அவங்களே காட்டுனாங்க. சாவி யார்கிட்ட இருந்துச்சு? அம்பத்தேழாவது எபிசோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்க, தும்பி இடுப்புல கொத்துச் சாவி தொங்குது. ஒரே ஒரு நிமிஷம்தான் காட்டறான், ஆனா காட்டறான். அப்ப விளக்குக்கு எண்ணெய் ஊத்த வேண்டியது யாரு? அதை எவனும் கேட்கலை. ராசா கேட்கலை, முனிவர் கேட்கலை. முக்காலமும் தெரிஞ்ச முனிவராம். பக்கத்துலயே இருக்கறவளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கத் தெரியலை.

எம்பதாவது எபிசோட்ல செங்கமலிக்குப் பறக்கற சக்தி வருது. பிறக்கறப்பவே இருந்த சக்தியாம், மறந்து போயிட்டாளாம். அப்ப அன்னைக்கே பறந்து வந்து விளக்கைப் பார்த்திருக்கலாமில்ல? பொறவு அந்த அரக்கன். ஆயிரம் பேரைத் தின்னவன், எரநூறாவது எபிசோட்ல திருந்திட்டானாம், இப்ப அவன்தான் கோயில்ல மணி அடிக்கறான். அவன் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி பார்த்தீங்களா? தின்னவன் மணி அடிக்கறான், ஒண்ணும் பண்ணாதவ முள்ளு மேல படுத்திருக்கா. இதெல்லாம் ஒரு கதையா?

அந்தத் தும்பி எங்கன்னு கேளுங்க. பின்னாடி நிக்கறா. செங்கமலி அழுதா தோளைப் பிடிச்சுட்டு நிக்கறா, தண்ணி கொண்டாந்து குடுக்கறா. ஒரு வசனம் கிடையாது. எல்லாரும் முன்னால அழுவறவளைப் பார்க்கறீங்க, நான் பின்னாடி நிக்கறவளைத்தான் பார்க்கறேன். நடுவுல ஆளையே மாத்திட்டாங்க, அது தெரியுமா? முதல்ல நடிச்ச புள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சாம். மத்த சீரியல்ல ஆள் மாறுனா கீழ ‘இவருக்குப் பதில் இவர்’னு எழுத்து போடுவாங்கல்ல? அது கூடப் போடலை. அவ மாறுனதை எவனும் கவனிக்க மாட்டான்னு ஒரு நினைப்பு.

டிவிக்கு ஏழு கடுதாசி போட்டேனுங்க. பதில் இல்லை. என்ற மகன்கிட்டச் சொல்லி செல்லுல கமெண்ட் போடச் சொன்னேன், ‘தும்பியைக் கேளுங்க’ன்னு. தினமும் போடுவேன். ஒருத்தன் எழுதறான், ‘ஆத்தா, தும்பி உங்களுக்குச் சொந்தமா?’ன்னு. சிரிக்கட்டும். நான் அவளைத் தூக்கில போடுங்கன்னு சொல்லலையே. ஒருக்கா கேளுங்கங்கறேன். கேட்டா சொல்லிருவாங்க. மனசுல வெச்சுட்டு நிக்கறவ, எவனாவது கேட்க மாட்டானான்னுதான் நிக்கறா. அவ மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

இப்படி ஓட்டை கண்டுபிடிக்கறதுதானுங்க என்ற வேலையே. பனியன் கம்பெனில செக்கிங், இருபத்திரெண்டு வருஷம். தச்ச பீஸ் டேபிளுக்கு வரும். உள்ளே, வெளியே, தோள், கை, விளிம்புன்னு பார்க்கோணும். நல்லா இருந்தா ஸ்டிக்கர் ஒட்டிக் கட்டுல வைக்கோணும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், அந்த நம்பர் போட்ட ஸ்டிக்கர் ரோல். எனக்கு இருபத்தாறு. பக்கத்து டேபிள் தவமணி, அவளுக்கு இருபத்தேழு.

அவளைப் பார்க்கத்தான் போறேன். அந்தப் பிரிவுல இறங்கி உள்ளே நடக்கோணும். இது மூணாவது தடவைங்க. முதல் தடவை பிரிவு வரைக்கும் வந்துட்டேன், தலைவலி தாங்கலை, எதிர்ல திருப்பூர் வண்டி நின்னுச்சு, ஏறிட்டேன். ரெண்டாவது தடவை கண்ணசந்துட்டேன், வண்டி தாண்டிப் போயிருச்சு. இன்னைக்கு எப்படியும் இறங்கியாகோணும். நாளைக்கு அவளைக் கொண்டுபோய்க் கோயில்ல விடறாங்க.

ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள். அங்க ஒரு கொட்டகை இருக்குதாம், இந்த மாதிரி ஆனவங்களை விட்டுட்டு வந்துருவாங்களாம். அவ வயசு முப்பத்தஞ்சு. புள்ளை ரெண்டாவது படிக்குது, கனிஷ்கான்னு பேரு. அம்மா எங்கன்னு கேட்டா என்ன சொல்வாங்க?

அவளுக்கு என்னங்கறீங்களா? தடவறா. எதைக் கண்டாலும் தடவறா. புள்ளை யூனிஃபார்மை எடுத்தா மடி மேல போட்டு விளிம்பு விளிம்பா விரலை ஓட்டறா. முடிச்சுட்டு மறுபடியும் முதல்ல இருந்து. மணி அடிச்சுப் பள்ளிக்கூடமே ஆரம்பிச்சுருமாம், புள்ளை உள்பாடி மட்டும் போட்டுட்டு நின்னுட்டிருக்குமாம். பொறவு போர்வை, தலகாணி. இப்ப அரிசியைத் தடவறா. முறத்துல கொட்டித் தடவிட்டே இருக்கா, அடுப்புல உலை காய்ஞ்சு போகுது. ஒரு வாரமா அவ வாய்ல சோறு போகலை. சோத்துல ஊசி இருக்குமாம்.

ஆமாங்க, ஊசி. அங்கதான் வந்துச்சு எல்லாம். தைக்கறப்ப ஊசி ஒடைஞ்சா, ஒடைஞ்ச துண்டு அத்தனையும் பொறுக்கி ஒரு நோட்டுல டேப் போட்டு ஒட்டோணும். ஒரு துண்டு குறைஞ்சாலும் அந்த லைன் பீஸ் எதுவும் வெளிய போகப்படாது. கைக்குழந்தை துணிங்க, சும்மாவா? அன்னைக்கு நுனி மட்டும் கிடைக்கலை. ஊசி கண்டுபிடிக்கற மிஷினும் ரிப்பேர். சூப்பர்வைசர் வந்து, ‘அக்கா, எல்லாரும் கையால தடவிப் பார்த்துத்தான் ஸ்டிக்கர் ஒட்டோணும்’னு சொல்லிட்டுப் போனாரு.

மூணு மாசம் கழிச்சு வெளிநாட்டுல இருந்து ஒரு போட்டோ வந்துச்சு. குழந்தை வயித்துல ஒரு கோடு. பெரிய காயம் இல்லீங்க, கீறல்தான், ஆனா செக்கச் செவேல்னு. அதைப் பெரிசா பிரிண்ட் எடுத்துப் போர்டுல ஒட்டிட்டாங்க. பக்கத்துலயே அந்தத் துணியோட போட்டோ. துணில ஸ்டிக்கர். இருபத்தேழு.

தவமணியைக் கூப்பிட்டு எல்லாரும் பார்க்க நிக்க வெச்சுக் கேட்டாங்க. முதல் தடவை கேட்டப்ப, ‘நான் தடவித்தாங்க பார்த்தேன்’னா. ரெண்டாவது தடவை, ‘பார்த்தேன்னுதாங்க நினைக்கறேன்’னா. மூணாவது தடவை கேட்டாங்க, அந்த போட்டோவையே பார்த்துட்டு நின்னா, ‘விட்டுட்டேன் போலிருக்குங்க’ன்னுட்டா. அவ்வளவுதான். ஒத்துக்கிட்டான்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாங்க. ‘ரோலையே தொலைச்சவதான இவ’ன்னு சூப்பர்வைசர் வேற சொன்னாரு. அந்த ஊசி நாளுக்கு மறுநாள் அவ ரோலைக் காணோம்னு சொல்லிப் புது ரோல் வாங்கியிருந்தா, அதைத்தான் சொல்றாரு.

நான் பக்கத்துலதான் நின்னேன். தோளைப் பிடிச்சுட்டு நின்னேன். தண்ணி கொண்டாந்து குடுத்தேன். என்னை ஒருத்தரும் கேட்கலை. பக்கத்து டேபிள்ல இருக்கறவ இவ, ஒரு வார்த்தை கேட்போம்னு யாருக்கும் தோணலை. கேட்டிருந்தா நானும் என்னென்னமோ சொல்லியிருப்பேன்.

அதுக்கப்பறம் அவளை எந்தக் கம்பெனிலயும் எடுக்கலை. ஊருக்கே போயிட்டா. அவ வூட்டுக்காரரு பூபதி, தங்கமான மனுசன், நேத்துப் போன் பண்ணுனாரு. அழுதுட்டாருங்க. ‘அக்கா, டாக்டர் மாத்திரை கேட்கலை, எங்க அம்மா கோயில்னு நிக்கறாங்க, என்னால தடுக்க முடியலை. நீங்க சொன்னா அவ கேட்பா. நீ பண்ணலை தவமணின்னு ஒரு வார்த்தை நேர்ல வந்து சொல்லுங்க’ன்னாரு. இதே வார்த்தையைப் போன மாசமே போன்ல அவகிட்டச் சொல்லியிருக்கேன். நீ பண்ணலை சாமின்னேன். அவ, ‘அப்ப யாருக்கா?’ன்னா. அதோட சிக்னல் போயிருச்சு.

என்னங்க அம்மிணி கேட்டீங்க? காத்துல கேட்கலை.

ஓ. அந்த ஸ்டிக்கரை வேற யாராச்சும் ஒட்டியிருக்கலாமில்லையான்னா?

இல்லீங்க. அதெல்லாம் முடியாது. அவங்கவங்க ரோல் அவங்கவங்ககிட்டத்தான் இருக்கும். யாரும் எடுக்க மாட்டாங்க.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கறேன். புழுதி கண்ணுல விழுது. இது எந்த ஊருங்க, தாண்டிட்டமா? இன்னும் இல்லையா. சரி. நீங்க பாருங்க, உங்க சீரியலைப் பாருங்க. நான் எதுவும் பேசலை.

அம்மிணி.

இப்ப நீங்க கேட்டீங்க. கேட்டீங்கல்ல? முன்னப் பின்னத் தெரியாத ஆளு நீங்க, என்ற பேரு கூட உங்களுக்குத் தெரியாது. அடுத்த ஸ்டாப்ல நான் இறங்குனா என்னை மறந்துருவீங்க. உங்ககிட்டயே இல்லைன்னுட்டேன். யோசிக்கக் கூட இல்லை, வாய் தானா சொல்லிருச்சு. ஆறு மாசமா கடுதாசி போட்டுட்டு இருக்கேன், கேட்டா சொல்லிருவான்னு. ஏழு கடுதாசி.

போன்ல சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சுங்க. ‘அப்ப யாருக்கா?’ன்னு கேட்டா. நான்தான் கட் பண்ணுனேன்.

அந்த ஊசி ஒடைஞ்ச அன்னைக்கு அஞ்சரைக்கே தவமணி கிளம்பிட்டா, புள்ளைக்குக் காய்ச்சல். எனக்கு நாலு கட்டு பாக்கி. ரெண்டு கட்டைத் தடவி முடிக்கவே மணி ஆறேகால். ஏழு மணிக்கு அம்பத்தெட்டாவது எபிசோட். வாரம் பூரா விளம்பரம் போட்டானுங்க, ‘விளக்கு அணையும் நாள்’னு. ஆறரை வண்டியைப் பிடிச்சாத்தான் ஏழு மணிக்கு வூட்டுல இருப்பேன். மிச்சம் ரெண்டு கட்டையும் தடவலைங்க. ஒரு பீஸைக் கூடத் தடவலை. ஸ்டிக்கரை மட்டும் வெசயா ஒட்டிட்டே வந்தேன். நடுவுல என்ற ரோல் தீந்து போச்சு. புதுசு வாங்கோணும்னா ஸ்டோர்ல போய்க் கையெழுத்துப் போடோணும், பத்து நிமிஷம் ஆகும். தவமணி ரோல் அவ டேபிள் மேல இருந்துச்சு. ‘தீந்தா எடுத்துக்கக்கா’ன்னு அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கா. எடுத்தேன். ஒட்டுனேன். அவசரத்துல பையில போட்டுட்டு வந்துட்டேன்.

மறுநாள் அவ டேபிளுக்குக் கீழ குனிஞ்சு தேடறா. குடுத்துருக்கலாம். குடுத்தா, எதுக்கு எடுத்தே, எந்தக் கட்டுல ஒட்டுனேன்னு வரும். தேடட்டும், அப்பறம் மெல்ல வெச்சுக்கலாம்னு இருந்தேன். அப்படியே இருந்துட்டேன்.

இதோ பாருங்க. இந்தப் பைதான். இதுதான் அந்த ரோல். இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தேழு, பாருங்க, இன்னும் பாதிக்கு மேல இருக்குது. குப்பைல போடலாம்னு எத்தனையோ நாள் எடுத்தேன், போட முடியலை. அந்த போர்டுல போட்டோவுக்குக் கீழ ஒரே ஒரு வரி எழுதியிருக்கோணும், ‘இவருக்குப் பதில் இவர்’னு. அதை எழுதியிருக்க வேண்டியது நான்.

அந்தக் கதை எழுதறவனை நான் எத்தனை திட்டு திட்டியிருக்கேன். அவனுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. தும்பியைக் கேட்டாலும் சொல்ல மாட்டான்னு தெரிஞ்சுதான் கேட்காமயே விட்டிருக்கான். அந்த இடத்தை மட்டும் அவன் சரியாத்தான் எழுதியிருக்கான்.

வேலை போகும், போகட்டும். ஊரே காறித் துப்பும், துப்பட்டும். பூபதி என்னை அக்காங்கறாரு. அந்தப் புள்ளை என்னைப் பெரியம்மாங்குது. தவமணி என்ன பண்ணுவா? அடிச்சான்னா வாங்கிக்குவேன். ‘ஏக்கா?’ன்னு கேட்டான்னா அதுக்கு நான் என்னத்தைச் சொல்லுவேன்? சீரியல் பார்க்கப் போனேன்னா?

கண்டக்டர் ஏதோ சொல்றாரு. பிரிவா? அடுத்ததா?

அம்மிணி, ஒரு உதவி பண்ணுங்க. அதே கேள்வியை இன்னொருக்கா கேளுங்க. வண்டி நிக்கறதுக்குள்ள ஒருக்காச் சொல்லிப் பழகிக்கறேன். கேளுங்க, அந்த ஸ்டிக்கரை யாரு ஒட்டுனதுன்னு.

நானுங்க.

கேட்கலையா? இன்னொருக்கா கேளுங்க.

நான்தானுங்க. மயிலாத்தா. இருபத்தாறாம் நம்பர்.

அதோ, அந்தப் புளியமரத்துக்குக் கீழ நிக்கறாங்க பாருங்க. அவதான். நான் வர்றேன்னு பூபதி சொல்லிப் புள்ளையையும் கூட்டிட்டு வந்து நிக்கறா. இப்படி எளைச்சுப் போயிட்டாளே. அவ கையைப் பாருங்க அம்மிணி. புள்ளை பாவாடை விளிம்புல ஓடுது பாருங்க, நின்ன இடத்துலயே. புள்ளை சும்மா நிக்குது, அதுக்குப் பழகிப் போச்சு.

ஒரு கை குடுங்க, எந்திரிக்கறேன். அந்தப் பையை எடுங்க. ரோல் உள்ளதான இருக்குது? சரி.

எதிர்ப் பக்கத்துல திருப்பூர் வண்டி நிக்குது, பார்த்தீங்களா? எப்பவும் அங்கதான் நிக்கும். நான் இறங்கறேன். நீங்க இந்த ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு என்னையே பார்த்துட்டு இருங்க. நான் ரோட்டைத் தாண்டி அந்த வண்டிப் பக்கம் போனேன்னா, இங்கிருந்தே சத்தம் போட்டுக் கேளுங்க. அவ காதுல விழற மாதிரி கேளுங்க அம்மிணி, அந்த ஸ்டிக்கரை யாரு ஒட்டுனதுன்னு.